உளவியல் பட்டமும் ரெக்கார்டு நோட்டும்

பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில், தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை இந்த ராமநாதபுரம் மாவட்டக் கரையில் கேட்கும் பேச்சில் இப்போது சைக்காலஜியும் சேர்ந்துகொண்டது. பிள்ளையைச் சேர்க்கலாம் என்று நினைக்கும் வீட்டார் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஏர்வாடி பக்கத்துலதானே இருக்கு, இதுக்கு நம்ம ஊர்ல வேலை இல்லாமலா போகும்?” தேவை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மனநோயாளிகளைக் கூட்டிவரும் தர்கா உள்ள ஏர்வாடியில், காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் மாண்ட 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதியைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. படகோடு பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருப்பவருக்காகக் காத்திருக்கும் வீடுகள் தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இருக்கின்றன. கணவன் வளைகுடாவில், குடும்பம் கீழக்கரையில் என்று பாதி வாழ்க்கையைப் போனிலேயே நடத்தும் பெண்களும் இருக்கிறார்கள். உறுத்துவது அடுத்த படி. மூன்று வருடப் பட்டம் வாங்கி வந்தால் அந்தத் தேவைக்குப் பதில் சொல்லிவிடலாம் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தப் பட்டம் தருவது வேறொன்று. அதைத்தான் படிப்பவர்களும் படிக்க வைப்பவர்களும் சடங்காக முடித்துவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை வேகமாகப் பார்த்துவிடலாம். பி.எஸ்சி. அல்லது பி.ஏ. முடித்தவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகமாட்டார்; எம்.எஸ்சி. முடித்தவரும் அதனாலேயே ஆகமாட்டார். அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் எனும் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த, மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி உள்ள படிப்பும் பதிவு எண்ணும் வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இவ்வளவு காலம் அந்தப் பயிற்சி என்றால் இரண்டு வருட எம்.ஃபில். அதில் ஆள் சேர்க்க 2025–26 வரைதான் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. கால எல்லை கொடுத்தது. நான்கு வருட பி.எஸ்சி. கிளினிக்கல் சைக்காலஜி ஆனர்ஸ் போன்ற புதிய படிப்புகளை ஆர்.சி.ஐ. கொண்டுவந்திருக்கிறது. ஆகவே விண்ணப்பிக்கும் ஆண்டில் ஆர்.சி.ஐ. பட்டியலில் கல்லூரியின் பெயரும் படிப்பின் பெயரும் சேர்ந்தே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் பயனில்லை. இன்னொன்று, இந்தக் கரைக்கு அதிகம் வலிக்கும் செய்தி. 2025 ஜூலை–ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. நிறுத்திவிட்டது. ஊரில் இருந்தபடியே தபாலில் படிக்கலாம் என்று இருந்த பெண்களுக்கு, குறிப்பாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு, அந்தக் கதவு மூடிவிட்டது. நேரில் படிக்க இங்கிருந்து பெரும்பாலும் மதுரை, திருச்சி, சென்னை என்றுதான் போக வேண்டும். விடுதிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் இறங்கக் கூடாது.

பட்டம் தருவது என்ன என்ற கேள்விக்கு வருவோம். ஃப்ராய்டும் கனவும் ஒரு செமஸ்டரில் சில பக்கங்கள். மிச்சம் முழுக்க மூளை நரம்பு, புள்ளியியல், ஆய்வு முறை, சோதனைகள். மனசைப் படிக்கப் போகிறோம் என்று வந்தவர்கள் இரண்டாம் செமஸ்டரில் திட்ட விலக்கத்தை, அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை, கண்டு மிரள்வது இதனால்தான். ஒரு மனிதர் சொல்வதையும் செய்வதையும் எண்ணாக்குவது எப்படி, அந்த எண்ணில் பிழை எங்கிருந்தெல்லாம் நுழைகிறது, நுழைந்த பிழையின் அளவு என்ன என்பதே மூன்று வருடப் பாடம். கைக்கு அது பழகும் இடம் பிராக்டிகல் அறை.

கோட்டை இழுத்து நிறுத்துவது

பிராக்டிகலில் சீக்கிரமே வருவது மியூலர்–லையர் கருவி. 1889-இல் வெளியான மாயத்தோற்றம் அது. பலகையில் ஒரு பக்கம் நிலையான கோடு, இரண்டு முனையிலும் அம்புத்தலை. அதன் நீளம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மறுபக்கம் முனைகளில் இறகு வெளியே விரிந்த கோடு; அதை இழுத்து நீட்டலாம், தள்ளிக் குறைக்கலாம். இரண்டும் சமம் என்று தோன்றும் இடத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டும். அளவுகோல் பின்பக்கம், நடத்துபவருக்கு மட்டும் தெரியும். இறகுக் கோடு கண்ணுக்கு நீளமாகத் தெரிவதால் எதிரில் உட்கார்ந்தவர் அதைச் சீக்கிரமே நிறுத்திவிடுவார். சராசரி 12.6 செ.மீ. வந்தால் நிலைப் பிழை, அதாவது ஒரே பக்கமாகச் சாயும் பிழை, 2.4 செ.மீ.; 16 சதவீதம்.

சராசரி எடுக்க வழி இருக்கிறது. இழுக்கும் கோடு வலப்பக்கம் பாதி முறை, இடப்பக்கம் பாதி முறை. ஒவ்வொன்றிலும் தெளிவாகக் குட்டையான இடத்திலிருந்து நீட்டுவது பாதி, தெளிவாக நீளமான இடத்திலிருந்து குறைப்பது பாதி. நான்கு நிலை, நிலைக்கு 5 என்றால் 20 முறை. வரிசையை மாற்றி மாற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் களைப்பும் பழக்கமும் ஒரே நிலையின் தலையில் விழும். இவ்வளவு எதற்கு என்றால், கண்ணுக்கு ஒரு பக்கத்துச் சாய்வு உண்டு, கைக்கும் நகரும் திசையைப் பொறுத்து ஒரு சாய்வு உண்டு. இரண்டையும் தனித்தனியே பிரித்தெடுத்தால்தான் மிச்சம் இருப்பது மாயத்தோற்றத்தின் அளவு என்று சொல்ல முடியும். நடுவில் “சரியா வந்துச்சா?” என்று கேட்பார்கள். முகத்தில்கூடப் பதில் காட்டக் கூடாது.

நடப்பது வேறு. வகுப்பில் ஐம்பது பேர், கருவி மூன்று, நேரம் இரண்டு மணி. இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு மீதிப் பதினெட்டு எண்ணை ரெக்கார்டு நோட்டிலேயே பிறப்பித்துவிடுவார்கள். அப்படிப் பிறந்த எண்ணைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. எல்லாம் 12.4-க்கும் 12.8-க்கும் நடுவே அடக்கமாக உட்கார்ந்திருக்கும். நீட்டும்போதும் குறைக்கும்போதும் சராசரி ஒன்றாகவே இருக்கும். முதல் ஐந்துக்கும் கடைசி ஐந்துக்கும் வித்தியாசம் இருக்காது. உண்மையில் திரும்பத் திரும்பச் செய்யும்போது இந்த ஏமாற்றம் மெல்லக் குறையும். வெளித்தேர்வாளருக்கும் இது தெரியும். கையெழுத்துப் போட்டுவிடுவார். மீன் ஏலத்தில் தராசுத் தட்டில் விரல் வைப்பவனை இந்தக் கரையில் யாரும் விட்டுவைக்க மாட்டார்கள். இங்கே விரல் வைத்தவருக்கு இன்டர்னல் மதிப்பெண் 23.

அந்தக் கோடுகளை அலட்சியப்படுத்துவதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. 1898-இல் கேம்பிரிட்ஜிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள டோரஸ் நீரிணைக்குப் போன குழுவில் இருந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், இதே சோதனையை மர்ரே தீவு மக்களிடம் செய்தார். பிறகு நம் நீலகிரியில் தோடர்களிடம் செய்து 1905-இல் வெளியிட்டார். இரண்டு இடத்திலும் மியூலர்–லையரில் ஆங்கிலேயரைவிட ஏமாற்றம் குறைவு. நீளம் சமமாக இருந்தும் கிடைக்கோட்டைவிடச் செங்குத்துக்கோடு நீளமாகத் தெரியும் மாயத்தோற்றத்தில் அதிகம். 1966-இல் சீகல், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் மூவரும் பல சமூகங்களை ஒப்பிட்டு, நேர்மூலை வீடுகளில் வளர்ந்த கண் ஒரு மாதிரியும் திறந்த வெளியில் வளர்ந்த கண் வேறு மாதிரியும் பழகுகிறது என்று வாதித்தார்கள். அந்த விவாதம் முடியவில்லை. நாளெல்லாம் அடிவானத்தைப் பார்த்துப் படகு ஓட்டுபவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும் ஊரில், இந்தக் கிடை–செங்குத்துச் சோதனைக்கு வேண்டியது ஒரு அட்டையும் அளவுகோலும்தான். கோடுகளைத் தலைகீழ் ‘டி’ வடிவில் வரையக் கூடாது. ஒரு கோடு இன்னொன்றைப் பாதியாக வெட்டுவதே தனி ஏமாற்றத்தைச் சேர்த்துவிடும். ‘எல்’ வடிவில் வரைய வேண்டும். அட்டை கண்ணிலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில், தலை சாயாமல். ஒப்பிடுவதற்கு அதே ஊரில், அதே வயதில், கடலுக்குப் போகாதவர்கள். கருவி வாங்கப் பணமில்லை என்ற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

பத்து என்ற எண்

ரெக்கார்டு நோட்டுப் பொய்யால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கோடு யாரையும் கடிக்காது. ஆனால் அதே மாணவர் மூன்றாம் வருடத்தில் மனநல முகாமுக்கு ஃபைலும் கையுமாக வருகிறார். அங்கே அவர் கையில் இருப்பது பெரும்பாலும் மனச்சோர்வைச் சலித்தெடுக்கும் பி.எச்.கியூ–9 படிவம். ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரம் பற்றி. ‘இல்லவே இல்லை’ 0, ‘சில நாள்’ 1, ‘பாதிக்கு மேல்’ 2, ‘அநேகமாக எல்லா நாளும்’ 3. மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியவர் என்று பிரிப்பது வழக்கம். அனுமதி வாங்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்பதால் எல்லா முகாமிலும் இது இருக்கிறது.

ராமேசுவரம் விசைப்படகில் போகும் ஒருவரை எதிரில் உட்கார வைப்போம். வாரத்தில் திங்கள், புதன், சனி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிறார், இரவு முழுக்க வலை, மறுநாள் காலை கரை. மூன்றாவது கேள்வி தூக்கம். “தூக்கமெல்லாம் எப்படிண்ணே?” என்று கேட்டால் “தூக்கமா? அது எங்க இருக்கு தம்பி” என்பார். மாணவர் 3-ஐச் சுழிப்பார். நான்காவது கேள்வி களைப்பு: 3. ஐந்தாவது பசி, டீசல் வாடையில் இரவெல்லாம் நின்றவருக்கு மறுநாள் சோறு இறங்காது: 3. ஆக ஒன்பது வந்துவிட்டது. இனி எந்தக் கேள்விக்காவது ‘சில நாள்’ என்று சொன்னால் போதும், அவர் மனச்சோர்வு உள்ளவர். நாளைக் கணக்கெடுத்துக் கேட்டிருந்தால்? பதினான்கு நாளில் கடல் இரவு ஆறு. ஆறு என்பது பாதியைத் தொடவில்லை, ஆகவே 1. மூன்று கேள்விக்கும் அதே கணக்கு என்றால் ஒன்பது மூன்றாகிவிடும். அவருடைய மனம் மாறவில்லை, கேட்ட விதம் மாறியது; எண் மூன்று மடங்கு வித்தியாசம்.

இந்த இடம்தான் எனக்கு இந்தப் படிப்பு முழுக்க வந்து முட்டும் இடமாகப் படுகிறது. மியூலர்–லையரில் கை நகரும் திசை எண்ணை மாற்றுகிறது என்பதை 20 முறை இழுத்துத் தன் கண்ணால் பார்த்தவருக்கு, கேள்வி நகரும் திசையும் எண்ணை மாற்றும் என்ற சந்தேகம் தானாக வரும். நோட்டில் பிறப்பித்தவருக்கு வராது. 10 வந்தாலும் உடனே முடிவு கட்டாமல், முதல் இரண்டு கேள்வியைப் பார்ப்பார் முன்னவர்: எதிலும் நாட்டமில்லாமை, மனம் சோர்ந்து நம்பிக்கை இழத்தல். அந்த இரண்டும் 0 ஆக இருந்து தூக்கம், களைப்பு, பசி மட்டுமே எண்ணைத் தூக்கியிருந்தால், அது வேலையால் வந்த உடல் அலுப்பாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம், சர்க்கரையாக இருக்கலாம். படிவத்தை வடிவமைத்தவர்களே தீவிர மனச்சோர்வு என்று ஐயப்பட அந்த இரண்டில் ஒன்றாவது பாதி நாளுக்கு மேல் இருக்க வேண்டும் என்றுதான் வைத்திருக்கிறார்கள்.

படிவத்தை நீட்டும்போதே இன்னொரு பிழை நுழைகிறது. இந்தக் கரையில் பேப்பரோடு வருபவர் யார்? மீன்துறை, நிவாரணக் கணக்கு, வழக்கு. பெயரும் வீட்டு எண்ணும் கேட்ட உடனே, இது ஏதோ உதவித்தொகைக்கு என்று ஒருவர் கஷ்டத்தைக் கூட்டிச் சொல்வார். வம்புக்கு என்று இன்னொருவர் எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்பார். 1962-இல் மார்ட்டின் ஓர்ன் எழுதியது இதைத்தான்: சோதனைக்கு உட்படுபவர், நடத்துபவர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்து அதற்கேற்ப நடந்துகொள்வார். படிவத்தில் பெயர் வேண்டாம், எண் போதும். இதனால் பணம் வராது, யாரிடமும் போகாது என்பதை முதலில் சொல்ல வேண்டும். வலை பின்னும் கொட்டகையில் நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்டால் பதிலைப் பக்கத்தில் இருப்பவர் சொல்வார். படகு முதலாளியான சம்மாட்டி அங்கே இருந்தால் யாரும் சொல்லமாட்டார்கள். அண்ணே, காக்கா, அக்கா என்று அந்தந்த ஊர் முறையில் கூப்பிட்டு, பத்து அடி தள்ளி உட்காரக் கேட்டுக்கொள்வது பாடப்புத்தகத்தில் இல்லாத, ஆனால் தவறவே கூடாத வேலை.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் பற்றியது. அதற்கு 0-வைத் தவிர எந்தப் பதில் வந்தாலும் என்ன செய்வது என்று முடிவு செய்யாமல் படிவத்தை எடுத்துக்கொண்டு போகவே கூடாது. மேற்பார்வை ஆசிரியரின் போன் எண், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு யார் கூட்டிப் போவது, 2022 அக்டோபரிலிருந்து இயங்கும் அரசு மனநல உதவித் தொலைபேசியான டெலி–மானஸ் எண் 14416, இவை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அந்த நபரைத் தனியே விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகக் கூடாது. “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது.

தடைக்காலத்தை ப்ராஜெக்ட் ஆக்குவது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. ஆய்வு முறைப் பாடத்தில் இவ்வளவு சுத்தமான ஒப்பீடு கிடைப்பது அபூர்வம். ஒரே ஊர், ஒரே கடல், ஒரு குழுவுக்கு வேலை நிற்கிறது, இன்னொன்றுக்கு நிற்கவில்லை. ஆனாலும் ‘மீனவர்களின் மன அழுத்தம்: ஓர் ஆய்வு’ என்று முப்பது பேரிடம் ஒரே நாளில் படிவம் நிரப்பிக் கட்டி வைப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. முப்பது என்ற எண்ணுக்குப் புனிதம் எதுவும் இல்லை. இரண்டு தனிக் குழுக்களிடையே அரைத் திட்ட விலக்கம் அளவுள்ள வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். ஒரே ஆட்களை முன்னும் பின்னும் அளந்தால், மாற்றமும் அதே அரை அளவு என்றால், அந்த ஒரு குழுவின் மாற்றத்தைப் பிடிக்க 34 போதும். தடைக்காலத்தில் சிலர் வெளியூர் வேலைக்குப் போய்விடுவார்கள். ஆகவே 45 பேரில் தொடங்க வேண்டும். போனவர்கள் யார் என்பதையும் குறிக்க வேண்டும்; அதிகக் கடன் உள்ளவரே முதலில் கிளம்பியிருந்தால், மிஞ்சியவர்களின் சராசரி தடைக்காலம் நல்லது என்று பொய் சொல்லும்.

முதல் அளவு ஏப்ரல் முதல் இரண்டு வாரத்துக்குள். இரண்டாவது அளவை ஏப்ரல் கடைசிக்கு முன்னால் எடுத்தால், படிவத்தின் இரண்டு வார நினைவுக்குள் கடலுக்குப் போன நாட்களும் கலந்துவிடும். மே மூன்றாம் வாரம் சரியான இடம். தடைக்கால நிவாரணம் கைக்கு வந்ததா, எந்தத் தேதியில் என்று தனிக் கேள்வி வேண்டும். நாட்டுப்படகுக் குழுவையும் அதே தேதிகளில் அளக்காவிட்டால், வந்த மாற்றம் தடையாலா, வெயிலாலா, ஜூனில் திறக்கும் பள்ளிக்கூடக் கட்டணக் கவலையாலா என்று சொல்ல வழியே இருக்காது. இரண்டு குழுவின் எண்ணை அல்ல, இரண்டு குழுவின் மாற்றத்தை ஒப்பிட வேண்டும்; மாற்றங்களின் வித்தியாசம் அரை அளவு என்றால் அதைப் பிடிக்க 34 போதாது, குழுவுக்கு 64 என்ற கணக்கே திரும்ப வரும். மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் பாசி எடுக்கப் போகும் பெண்களிடம் கேட்பதானால் நேரத்தைக் கடல்தான் தீர்மானிக்கும். கடல் உள்வாங்கும் வற்று நேரத்தில் வீட்டுக் கதவைத் தட்டினால் மாமியார்கள்தான் கிடைப்பார்கள்.

இதில் பெரிய தடங்கல் காலண்டர். ஆறாம் செமஸ்டர் ப்ராஜெக்ட்டைத் தாக்கல் செய்யும் நேரத்தில்தான் தடை தொடங்குகிறது. ஆகவே நான்காம் செமஸ்டர் முடியும் கோடையிலேயே தரவு எடுத்துவிட வேண்டும். அதற்கு ஜனவரியிலேயே வழிகாட்டி ஆசிரியரைப் பிடித்து, கல்லூரி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை மார்ச்சுக்குள் வாங்க வேண்டும். கல்லூரியில் அப்படி ஒரு குழு இருக்கிறதா என்பது, சேரும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. எத்தனை மாணவருக்கு எத்தனை கருவி, புள்ளியியலை உளவியல் படித்தவர் நடத்துகிறாரா, போன வருட ப்ராஜெக்ட் ஒன்றைப் பார்க்கலாமா என்பவையும் கேட்கலாம். வளாகத்தின் பசுமையைப் பற்றி ஆர்வமாகப் பேசுபவர்கள் இந்தக் கேள்விகளுக்கு எப்படி முகம் மாறுகிறார்கள் என்று பார்ப்பதே பாதி விடை.

ஏர்வாடி இன்டர்ன்ஷிப்பைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு வாரத்தில் ஒரு இளங்கலை மாணவர் செய்யக்கூடியது வரலாறு கேட்டு எழுதுவதும், மனநிலைப் பரிசோதனையின் வரிசையைப் பழகுவதும்: தோற்றம், நடத்தை, பேச்சு, மனநிலை, சிந்தனை, புலனுணர்வு, நினைவு, தன்னிலை உணர்வு. தனக்கு இருப்பது நோய் என்று அறிந்திருக்கிறாரா என்று பார்க்கும் அந்தக் கடைசியில்தான் அதிகம் சறுக்குவார்கள். செய்வினை என்று ஒரு தாய் சொன்ன உடனே, ‘தன்னிலை உணர்வு இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். அந்தத் தாய் தர்காவுக்கும் வருகிறார், மாத்திரையையும் நேரத்துக்குக் கொடுக்கிறார் என்றால் எழுத வேண்டியது வேறு. 2013-இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேடான டி.எஸ்.எம்–5, இதற்கென்றே 16 கேள்விகள் கொண்ட பண்பாட்டு நேர்காணலை வைத்திருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் போகலாம். யாரையாவது சங்கிலியில் பார்த்தால் அது 2017 மனநலச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடை செய்தது. மாணவர் அதை மேற்பார்வையாளரிடம் அன்றே சொல்ல வேண்டும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் பழக்கத்தை பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிட வேண்டும்.

எடுத்த தரவை என்ன செய்வது என்பதும் பாக்கி. பெயரும் எண்ணும் சேர்ந்திருக்கும் தாள் படிவங்களோடு ஒரே ஃபைலில் இருக்கக் கூடாது. முடிவை, தரவு எடுத்த ஊருக்கே திரும்பப் போய்ச் சொல்ல வேண்டும், தனி ஆள் மதிப்பெண்ணாக அல்ல, இத்தனை பேரில் இத்தனை பேர் என்று. அதற்கு விசைப்படகு போகாத கிழமையாகப் பார்த்து, சங்கத் தலைவரிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் பத்துப் பேராவது வருவார்கள். அவர்கள் முதலில் கேட்கப்போவது “இதை வச்சு நிவாரணத்தைக் கூட்டுவாங்களா?” என்றுதான். கூட்டமாட்டார்கள் என்ற பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போவது நல்லது.